எட்டாவது வாரம் கைமாற்றச் சொன்னவர்

நசீமா மேடம் காலமான செய்தி எங்கள் துறையின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. காலை பதினோரு மணி இருக்கும். மென்பொருள் பொறியியல் வகுப்பின் அறுபது மாணவர்களை ஐந்து ஐந்து பேராகப் பிரித்துக்கொண்டிருந்தேன். செய்திக்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள் வந்து விழுந்தன. நானும் ஒன்றைப் போட்டேன். ஒன்பது ஆண்டுகள் என்னோடு சேர்ந்து ஒரே பாடத்தை நடத்தியவருக்கு நான் செய்த முதல் மரியாதை அது. போட்டவுடனே வெட்கமாக இருந்தது. ஆனாலும் அழிக்கவில்லை.

நல்லூரில் இருக்கும் அவர் வீட்டுக்கு எங்கள் கல்லூரியிலிருந்து பைக்கில் இருபது நிமிடம்தான். அந்த இருபது நிமிடத் தூரத்தை இரண்டு ஆண்டுகளாக நான் போகவே இல்லை. இதைச் சொல்லாமல் அவருக்கு அஞ்சலி எழுதினால் அது பொய்யாகிவிடும். அவருக்குப் பொய் பிடிக்காது, எனக்கும் எழுத வராது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முழுப்பெயர் நசீமா பானு. நல்லூரிலேயே பிறந்து வளர்ந்தவர். கணவர் இப்ராகிம் பாய் வீட்டின் கீழ்த்தளத்தில் நாலைந்து நிட்டிங் மிஷின் வைத்துப் பனியன் துணி பின்னிக் கொடுக்கிறார். மேடம் கோவையில் படித்து, சில ஆண்டுகள் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டுக் கற்பிக்க வந்தவர். குள்ளமான உருவம். கறுப்பு அபாயாவுக்குக் கீழே விளையாட்டுக்காரர்கள் போடுகிற ஷூ போட்டுக்கொண்டு, வராந்தாவில் மாணவர்களை முந்திக்கொண்டு நடப்பார். வாட்ச்மேன் முதல் முதல்வர் வரை எல்லோருக்கும் ஒரே 'ங்க'தான். திட்டுவதும் அந்த மரியாதையோடுதான் நடக்கும். "ஏனுங்க தம்பி, இதுக்குப் பேரு புரோகிராமுங்களா?" என்று அவர் கேட்டால், அந்தத் தம்பி அன்று மதியச் சாப்பாட்டை மறந்துவிடுவான்.

நான் கோவில்பட்டிப் பக்கத்துக்காரன். வேலைக்காக இந்த ஊருக்கு வந்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாலு வார்த்தை பேசவேண்டிய இடத்தில் ஒரு வார்த்தை பேசுகிறவன், அந்த ஒன்றும் பல சமயம் கடுப்பாக இருக்கும். இப்படிப்பட்டவனை, ஆளுக்கு ஒரு செக்‌ஷன் என்று மேடத்தோடு கூட்டாகப் பாடம் நடத்தச் சொன்னது துறைத்தலைவரின் குறும்பு என்றுதான் அப்போது நினைத்தேன்.

நாங்கள் சேர்ந்து நடத்திய முதல் ஆண்டில் மாணவர்களை டீமாகப் பிரித்தது நான்தான். மதிப்பெண் பட்டியலை எடுத்து, டீமுக்கு ஒரு முதல் மாணவர், ஒரு கடைசி மாணவர், நடுவில் மூவர் என்று கணக்காகப் பிரித்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. பருவம் முடிந்தபோது பார்த்தால், எல்லா டீமிலும் முதல் மாணவரே உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதியிருந்தார். மேடம் என் பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், இது டீம் இல்லீங்க. ஒருத்தரு வண்டி ஓட்டறாரு, நாலு பேரு பின்னாடி ஏறி உக்காந்திருக்காங்க."

"அப்ப எப்படித்தான் பிரிக்கச் சொல்லுதீங்க?"

"எந்த பஸ்ல வர்றாங்கன்னு பாத்துப் பிரிக்கலாமுங்க."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கல்லூரி பஸ் நான்கு மணிக்குக் கிளம்பிவிடும். அதற்குப் பிறகு ஒரு டீம் கூடி உட்கார இடமும் இல்லை, நேரமும் இல்லை. ஒரே பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தினமும் ஒன்றரை மணி நேரம் சும்மா கிடைக்கிறது. அடுத்த பருவத்தில் காங்கேயம் பஸ் டீம், சேவூர் பஸ் டீம் என்று பிரித்தோம். ஹாஸ்டலில் இருந்தவர்களை மாடி வாரியாகப் பிரித்தோம். சேவூர் டீம் தங்கள் முழு வடிவமைப்பையும் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வரைந்தது. டிரைவர் அண்ணனும் இரண்டு யோசனை சொன்னாராம். அதில் ஒன்று உருப்படியானது.

கற்பனையான நூலகத்துக்கும் கற்பனையான வங்கிக்கும் மென்பொருள் எழுதுவது மேடத்துக்குப் பிடிக்காது. நிஜமான ஆளுக்கு எழுத வேண்டும் என்பார். ஒரு முறை நல்லூரில் ஒரு தையல் யூனிட்டுக்கு ஒரு டீமை அழைத்துப் போனோம். யார் எத்தனை பீஸ் தைத்தார்கள் என்று பதிவு செய்கிற மென்பொருள் அது. சூப்பர்வைசர் செல்வி அக்கா போனை வாங்கி, கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குது கண்ணு. பாதி நாள்ல ஒரு புள்ள தலைவலின்னு ஊட்டுக்குப் போயிருச்சுன்னா, மிச்சத்த இன்னொரு புள்ள தைக்கும். அத இதுல எங்க எழுதறது?"

டீமில் ஒருவர் நோட்டை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார். அதற்குள் செக்கிங் மேசையிலிருந்த பீகார்ப் பையன் ஒருவன் எட்டிப் பார்த்து, இந்தியில் ஏதோ கேட்டான். திரையில் இருந்த தமிழும் ஆங்கிலமும் அவனுக்குப் படிக்கத் தெரியவில்லை. திரும்பி வரும்போது மேடம் டீமைத் திட்டவே இல்லை. "ரெண்டு கேள்வி கெடச்சுதுங்களே, இன்னைக்கு நல்ல நாளுங்க" என்றார்.

இதற்கெல்லாம் மேலாக அவர் கொண்டுவந்தது எட்டாவது வாரத்தின் கைமாற்று. பதினாறு வாரப் பாடத்தில் சரிபாதி முடிந்ததும், ஒவ்வொரு டீமும் தான் எழுதியதை இன்னொரு டீமிடம் கொடுத்துவிட வேண்டும். அந்த டீமின் வேலையை வாங்கிக்கொண்டு அதை முடிக்க வேண்டும். முதல் இரண்டு நாள் பழைய டீமைக் கேட்கக்கூடாது. எழுதி வைத்ததைப் படித்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். முதல் முறை இதை அறிவித்தபோது இரண்டு மாணவிகள் அழுதார்கள். நானும் எதிர்த்தேன். ஒருவன் பாடுபட்டுச் செய்ததைப் பிடுங்கி அடுத்தவனிடம் கொடுப்பது என்ன நியாயம் என்று கேட்டேன்.

"சார், எங்க ஊட்டுக்கு நூலு வருது, துணியாப் போகுது. அப்புறம் சாயம் போட டையிங்குக்குப் போகுது, கட்டிங்குக்குப் போகுது, தையலுக்குப் போகுது. எந்த பனியனாச்சுன்னு எங்களுக்குத் தெரியவே தெரியாதுங்க. ஆனா துணியில ஒரு ஓட்டை இருந்தா டையிங்காரரு அன்னைக்கே போன் பண்ணிருவாரு. அடுத்தவங்க கைக்குப் போனாத்தானுங்க நம்ம லட்சணம் தெரியும்."

இந்தப் பனியன் ஊரே அப்படித்தான் வேலை செய்கிறது. வெளியூர்க்காரனான எனக்கு அது உறைக்கக் கொஞ்சம் காலம் பிடித்தது.

புதன்கிழமை மூன்று மணிக்குக் கேன்டீனில் உட்கார்ந்து அடுத்த வாரத்தைத் திட்டமிடுவோம். அவருக்குச் சுக்குக் காபி, எனக்கு டீ. எந்த டீம் சண்டை போடுகிறது, யார் பேசாமல் ஒதுங்குகிறார், எந்த யூனிட்டில் மாணவர்களை உட்கார வைத்துப் பேசுகிறார்கள் என்று பேசுவோம். திடீரென்று, "இன்னைக்கு என்னங்க சாப்ட்டீங்க?" என்பார். "சாப்பிட்டேன்" என்பேன். "என்னன்னு கேட்டனுங்க" என்பார். இந்த ஊரில் அப்படி என்னைக் கேட்க வேறு ஆள் இல்லை. அப்போது அது பெரிதாகத் தெரியவில்லை.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கடைசிப் பருவத்தில் காங்கேயம் பஸ் டீம் ஒரு தேங்காய் எண்ணெய் மில்லுக்கு மென்பொருள் எழுதியது. அருமையாக இருந்தது. ஏழாவது வாரம் டீம் தலைவன் என் அறைக்கு வந்தான். "சார், எங்களுத மட்டும் மாத்த வேண்டாமுங்க சார். மில்லுக்காரரு நம்பிட்டிருக்காரு" என்றான். என் மனதில் எப்போதும் இருந்த எண்ணத்தை அவன் சொல்லிவிட்டான். சரி என்றேன். மேடத்திடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எட்டாவது வாரம் லேபில் எல்லா டீமும் ஜோடி ஜோடியாக நின்றன. காங்கேயம் டீமோடு மாற்றிக்கொள்ள வேண்டிய சேவூர் டீம் மட்டும் ஜோடி இல்லாமல் தனியாக நின்றது. மேடம் அவர்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மாணவர்கள் முன்னால் எதுவும் கேட்கவில்லை. சேவூர் டீமுக்கு வேறு ஏற்பாடு செய்துவிட்டு, வராந்தாவுக்கு வந்த பிறகுதான் பேசினார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுங்க, சார்."

"என் செக்‌ஷன், மேடம். முடிவும் என்னோடது" என்றேன்.

"சரிங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த புதன்கிழமை அவர் கேன்டீனுக்கு வரவில்லை. அதற்கடுத்த புதன்கிழமை நான் போகவில்லை.

பருவ இறுதியில் காங்கேயம் டீம் செய்துகாட்ட வந்தது. தலைவனிடம் ஒரு சின்னக் கேள்வி கேட்டேன். அவன் பக்கத்தில் நின்றவனைப் பார்த்தான், அவன் அடுத்தவனைப் பார்த்தான். கடைசியில் எல்லோரும் ஓரத்தில் நின்ற பிரபு என்ற மாணவனைப் பார்த்தார்கள். அத்தனையும் எழுதியவன் அவன் ஒருவன்தான். அந்தப் பருவத்தில் அவன் வேறு இரண்டு பாடங்களில் தோற்றுப்போனான். பிறகு ஒருநாள் கையெழுத்துக்காக என்னிடம் வந்தபோது, கோபமே இல்லாமல் சொன்னான்.

"எட்டாவது வாரம் எப்படியும் வேற டீமுக்குப் போயிரும், அப்ப எல்லாருக்கும் தெரிஞ்சுரும்னு பல்லக் கடிச்சுக்கிட்டு செஞ்சனுங்க சார். அப்புறம் மாத்த வேண்டாம்னு நீங்க சொல்லிட்டீங்க."

என் முதல் ஆண்டுத் தப்பையே மறுபடியும் செய்திருந்தேன். அதைப் பிடிப்பதற்காகவே அவர் வைத்திருந்த வழியை நானே அடைத்திருந்தேன். அன்று மாலையே மேடத்தின் அறை வாசல் வரை போனேன். உள்ளே இரண்டு மாணவிகளோடு பேசிக்கொண்டிருந்தார். நாளை சொல்லலாம் என்று திரும்பிவிட்டேன். மறுநாளும் சொல்லவில்லை. தப்பு என்று ஒப்புக்கொள்ள எனக்கு நாக்கு எழவில்லை. அவ்வளவுதான், வேறு காரணம் இல்லை.

அடுத்த பருவம் அவர் நீண்ட விடுப்பில் போனார். உடம்பு சரியில்லை என்றார்கள். எவ்வளவு சரியில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அடுத்த வாரம் போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தேன். ஒவ்வொரு வாரமும் அப்படியே நினைத்தேன். இரண்டு செக்‌ஷனையும் தனியாக நடத்தினேன். பஸ் வாரியாகத்தான் பிரித்தேன், எட்டாவது வாரம் யாருக்கும் விலக்குக் கொடுக்காமல் கைமாற்றினேன். எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. நடந்ததைச் சொல்லத்தான் எனக்கு ஆள் இல்லை. சேர்ந்து வேலை செய்வது எப்படி என்று நூற்றிருபது பேருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, அறைக்கு வந்து தனியாக டீ குடித்தேன்.

செய்தி வந்த அன்றே, அஸர் என்கிற மாலைத் தொழுகைக்குப் பிறகு அடக்கம். தெருவில் எங்கே பார்த்தாலும் பழைய மாணவர்கள். சொல்லிவைத்தது போலப் பழைய டீம் டீமாகவே நின்றார்கள். பலருக்கு என்னைத் தெரியும், வந்து வணக்கம் சொன்னார்கள், பிறகு தங்கள் ஆட்களிடம் திரும்பிப் போனார்கள். நான் ஒரு வேப்பமரத்தடியில் தனியாக நின்றேன். கப்ருஸ்தானில் எல்லோரோடும் சேர்ந்து மூன்று கைப்பிடி மண் போட்டேன்.

கிளம்பலாம் என்று நினைத்தபோது இப்ராகிம் பாய் என் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துப் போனார். கீழே மிஷின்களை நிறுத்தியிருந்தார்கள். அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம்.

"அவங்க உங்களப் பத்திப் பேசாத நாளே இல்லீங்க சார். ரெண்டு செக்‌ஷனையும் அவரு ஒத்தையாப் பாக்கறாரே, கூட யாரையாச்சும் போட்டாங்களான்னு காலேஜ்ல விசாரிங்கம்பாங்க" என்றார்.

அவரே மேலும் சொன்னார்.

"போன் பண்ணி வரச் சொல்லட்டுமான்னு ரெண்டு மூணு தடவ கேட்டனுங்க. வேண்டாமுங்க, கூப்ட்டா கடமைக்கு வந்துட்டுப் போயிருவாரு, அவரா ஒரு நாளைக்கு வருவாருன்னு சொல்லிட்டாங்க."

குறை சொல்வதற்காக அவர் சொல்லவில்லை. மனைவியின் பேச்சைத் தானே திரும்ப ஒரு முறை கேட்டுக்கொள்வதற்காகச் சொன்னார், அவ்வளவுதான். நான் அங்கேயே அழுதேன். அவர் என் தோளில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மேடம், கைமாற்று விஷயத்தில் நீங்கள் சொன்னதுதான் சரி. நான் செய்தது தப்பு. வராந்தாவில் உங்களிடம் பேசியது அதைவிடப் பெரிய தப்பு. இந்த மூன்று வாக்கியங்களை எடுத்துக்கொண்டு இருபது நிமிடம் வர எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. நீங்கள் சொன்னபடியே நல்லூருக்கு நானாகத்தான் வந்தேன், மேடம். யாரும் போன் செய்து கூப்பிடவில்லை. வந்து உங்கள் வீட்டில் உட்கார்ந்தேன், நீங்கள் இல்லை.