மடியில் திறந்தபடி ஒரு லேப்டாப்

புது லேப்டாப்பைப் பாகம் பிரித்துக் கொடுப்பது என் தொழில். பிரிக்க ஆகிற நேரம் கொஞ்சம்தான், சரியாகப் பிரித்தோமா என்று பயப்படுகிற நேரத்துக்குத்தான் முடிவே இல்லை.

கேளம்பாக்கம் ஜங்ஷன் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடை. பகலில் விற்பார்கள், ராத்திரியில் நான் தயார் செய்து வைப்பேன், காலையில் வந்து வாங்கிப்போவார்கள். கம்பெனியிலிருந்து லேப்டாப் பெட்டி 'சி' என்ற ஒரே டிரைவோடு வருகிறது. நம் ஜனங்களுக்கு அது ஒற்றை அறை வீடு மாதிரி, மனசு ஒப்பாது. 'டி' வேண்டும், முடிந்தால் 'ஈ'யும் வேண்டும். நான் இதைப் படித்து வந்தவன் இல்லை. செத்த கம்ப்யூட்டர்களை நோண்டி நோண்டிக் கற்றுக்கொண்டவன். அதனால், யாருடைய பொருளாவது என் கையில் அழிந்துவிடுமோ என்கிற நினைப்பு என்னை விட்டுப் போனதே இல்லை. 'சற்றுப் பொறுக்கவும்' என்று திரை சொன்னதும் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறவர்கள் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள். உங்களுக்குத்தான் இது.

சரிபாதி

அணு ஆராய்ச்சி வேலையிலிருக்கும் ஒருவர் மனைவியோடு வந்தார். டி அவருக்கு, ஈ அந்த அம்மாவுக்கு, இரண்டும் சமமாக இருக்க வேண்டும். எவ்வளவு சரியாகப் போட்டாலும் புள்ளிக்கு அப்புறம் ஒரு எண் கூடக்குறைய வந்து நின்றது. குடும்பத்துக்குள் சண்டை மூட்டிவிடுவோமோ என்று அழித்து அழித்துப் போட்டேன்.

காலையில் வந்தவர் பார்த்துவிட்டு, ஆபீஸ் விஷயமெல்லாம் வைக்கணும், எனக்குக் கொஞ்சம் கூட்டிப் போடக் கூடாதா என்று இழுத்தார். அந்த அம்மா என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்: "இவருக்கு எதுக்குங்க அவ்வளவு இடம்? டவுன்லோடு பண்ணி வெச்ச எதையும் இதுவரைக்கும் திறந்து பார்த்ததே இல்லை."

தடுப்புச் சுவர்

அந்தோணி திருவிடந்தைக்காரர், கல்யாண போட்டோகிராபர். மூன்று பாகம் கேட்டார். "படத்த டி-ல போடுவேன். அதையே காப்பி எடுத்து ஈ-லயும் போடுவேன். ஒண்ணு பூட்டாலும் இன்னொண்ணு கீது இல்ல?"

"அந்தோணி, உள்ள இருக்கிறது ஒரே டிஸ்க்குப்பா. ஒரு வூட்டுக்கு நடுவுல தடுப்புச் சுவர் வெச்ச மாதிரி. தீப்புடிச்சா ரெண்டு ரூமும்தான் போகும். காப்பிய வெளிய வேற டிஸ்க்குல வையி" என்றேன். அவர் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார். "புதுப் பொருள் வாங்கிகினு போறேன், வாசல்லயே தீ வெக்கிறியே அண்ணாத்த!"

ஷேர் ஆட்டோவில் ஒரு கேள்வி

வந்தது தீ இல்லை, மறதி. கருங்குழி என்கிற ஊரில் ஒரு கல்யாணத்தை அந்தோணி படம் எடுத்தார். பெண் பேர் கவிதா, மாப்பிள்ளை அவளாகப் பார்த்துக்கொண்டவர். வரவே மாட்டேன் என்று சொன்ன அவள் அம்மா, தாலி கட்டுகிற நேரத்துக்கு வந்து மேடையோரம் நின்றார், அட்சதையைப் போட்டார், யாரோடும் பேசாமல் பஸ் ஏறிப் போய்விட்டார். அதற்கப்புறமும் பேச்சில்லை. அந்த நிமிஷம் எல்லோர் போனும் தாலிப் பக்கம் திரும்பியிருந்தது. அம்மா வந்தார் என்று சொல்ல அந்தோணி எடுத்த படம் ஒன்றுதான் உண்டு. கவிதா தினமும் போன் போட்டு அதைத்தான் கேட்பாள்.

அந்தோணி படங்களை டி-யிலும் ஈ-யிலும் போட்டார். இரண்டு இடத்தில் இருக்கிறதே என்று கேமரா கார்டைத் துடைத்துவிட்டார். டி நிரம்பியது. ஈ-யில் இருக்கிறதே என்று டி-யிலிருந்து கருங்குழியை அழித்தார். அடுத்த வாரம், அழித்ததே மறந்துபோய், ஈ-யில் இருப்பது காப்பிதானே, டி-யில் இருக்கிறதே என்று, இடத்தைக் கூட்டுவதற்காக, பாகம் பிரிக்கச் சொல்லிக்கொடுக்கிற யாரோ ஒருவரின் வீடியோவைப் பார்த்து ஈ-யையே தூக்கினார். அந்த இடத்தில் புதுப் பாகம் போடப்போனபோது, ஃபார்மட் செய்யவா, அதாவது எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாக்கவா என்று திரை கேட்டது. டி-யிலும் கருங்குழி இல்லை என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

மூடியைக்கூட மூடவில்லை. மூடினால் அதையே 'சரி' என்று எடுத்துக்கொள்ளுமோ என்று பயம். திறந்த லேப்டாப்பை மடியில் வைத்தபடி கோவளம் வழியாக ஷேர் ஆட்டோவில் வந்தார். பள்ளம் வரும்போதெல்லாம் இரண்டு கையையும் கீபோர்டுக்கு மேலே குடையாகப் பிடித்துக்கொண்டாராம். பக்கத்தில் மீன் கூடையோடு இருந்த அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்: "இன்னா நைனா, அது எவ்ளோ நேரமா கேட்டுகினே கீது. பதில் சொல்லு, இல்ல நான் அமுக்கட்டா?"

நகராத கோடு

நான் வேலைக்கு வந்தபோது, பந்தியில் சாம்பார் வாளி தூக்கி வருகிறவர் மாதிரி அலுங்காமல் பெட்டியை ஏந்திக்கொண்டு வாசலில் நின்றார். முதலில் 'வேண்டாம்' என்பதை அமுக்கினேன். அதற்கே இரண்டு தடவை தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது. பாகத்தைத் தூக்கினால் சுவர்தான் போகும். மேலே புதிதாக எதுவும் எழுதாதவரை உள்ளே இருந்த சாமான் கிடைக்க வாய்ப்பு உண்டு. வாய்ப்புதான், உத்தரவாதம் இல்லை.

பழைய ஈ-யைத் தேடச் சொல்லி ஸ்கேனை ஓடவிட்டேன். பச்சைக் கோடு கொஞ்சம் நகர்ந்துவிட்டு நின்றது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. அந்தோணி ஸ்டூலில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டினார். கவிதாவிடமிருந்து போன் வந்ததும் அதைக் கவிழ்த்து வைத்தார். "எடுத்து இன்னான்னு சொல்றது?" என்னால் உட்கார முடியவில்லை. டீக்கடைக்குப் போவேன், கோடு நினைவு வரும், திரும்பி ஓடி வருவேன். டீ மாஸ்டர் கடைசியில் இங்கேயே வந்து கையில் கிளாஸைத் திணித்தார்: "நீ இப்டி மொறச்சிகினே இருந்தா அது எப்டிண்ணே நகரும்? வெக்கப்படுது, வுடு."

மூடிய கண்

விடியும்போது பழைய ஈ தட்டுப்பட்டது. படங்களை ஒவ்வொன்றாக வெளி டிஸ்க்கில் இறக்கினேன். பந்திப் படங்கள் முழுக்கப் போயிருந்தன, சில பாதிக்கு மேல் சாம்பல் பூத்து வந்தன. மேடையோரப் படம் முழுசாக வந்தது. ஆனால் அதில் அந்த அம்மாவின் கண் மூடியிருந்தது. அந்தோணிக்குக் கிடைத்தது ஒரே க்ளிக். அழிந்தேபோயிருந்தால்கூடத் தேவலை என்கிற மாதிரி தலையில் கை வைத்துக்கொண்டார்.

இந்தத் தடவை கவிதா கூப்பிட்டதும் போனை எடுத்து நடந்ததெல்லாம் சொல்லிவிட்டார். முதல் பஸ்ஸிலேயே கவிதா வந்துவிட்டாள். "வேற ஷாட் இல்லம்மா, கண்ணு மூடிகீது" என்று அவர் சுவரைப் பார்த்துச் சொன்னார். அவள் படத்தைப் பெரிதாக்கினாள், இன்னும் பெரிதாக்கினாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு மறுபடியும் ஸ்கேன் ஓடுகிற மாதிரி இருந்தது. அப்புறம்தான் பேசினாள்: "எங்கம்மா அழுவைய அடக்கணும்னா இப்டித்தாண்ணா கண்ண மூடிக்கும்."

அந்தோணி அன்றைக்கே வெளியில் வைத்துக்கொள்ள ஒரு தனி ஹார்டு டிஸ்க் வாங்கி, சேஃப்ட்டிக்காக அதையும் இரண்டாகப் பிரித்து வைக்கச் சொல்லி என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார், நானும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பிரித்துக்கொண்டிருக்கிறேன்.