ஆறாம் தறியும் ஒரு நல்ல மைக்கும்

சாலம்மாள் அக்காவுக்கு நாற்பத்திநான்கு வயது. கல்யாணமாகி மேச்சேரிப் பக்கமிருந்து பள்ளிபாளையம் வந்த வருடமே விசைத்தறியில் நின்றவர், இன்றும் அதே பட்டறையில்தான் நிற்கிறார். பட்டறை நாச்சிமுத்து என்பவருடையது. அக்கா குடியிருக்கும் லைன் வீடும் அவருடையது. வேலை போனால் வீடும் போகும். கணவர் போர்வெல் வண்டியோடு வடக்கே போய்விட்டு வருடத்துக்கு ஒரு முறை வருவார்.

நான்கு தறிகளை ஒரே ஆளாகப் பார்த்துக்கொள்பவர் அவர். எந்தத் தறியில் நூல் அறுந்தது என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவார். நான் அடுத்த வீட்டில், பட்டறைச் சுவரை ஒட்டிய வீட்டில் வளர்ந்தவள்; என்னைச் 'சாமி' என்றுதான் செல்லமாகக் கூப்பிடுவார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். தறிக்காரர்களைப் பேச வைத்து ஒரு பாட்காஸ்ட் நடத்த வேண்டும் என்று ஆசைப்பட்டபோது முதலில் அவர் நினைவுதான் வந்தது. அவருக்கும் சொல்ல ஒன்று இருந்தது.

போன ஆடி மாதம் தறியில் ஊடை நூலோடு இங்குமங்கும் பாயும் நாடா தெறித்து, கூட வேலை செய்த காளிதாஸின் கண்ணைக் குத்திவிட்டது. வீட்டில் வழுக்கி விழுந்தான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லும்படி முதலாளி சொன்னார். கூடப்போன அக்கா அப்படியே சொன்னார். காளிதாஸுக்கு ஒரு பக்கப் பார்வை போய்விட்டது. தான் சொன்னது பொய் என்று ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும், ஆனால் சொன்னது யாரென்று தெரியக் கூடாது. அக்கா கேட்டது அவ்வளவுதான். ஒருத்தருக்கும் தெரியாது என்று நான் வாக்குக் கொடுத்தேன்.

மைக் வாங்க ஒரு மாதம் எடுத்துக்கொண்டேன். இரவும் பகலும் யூட்யூபில் ஒப்பீடுகள் பார்த்தேன். சேலத்தில் கோயில் விழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டும் ஜெரால்ட் என் கல்லூரித் தோழன். சாதாரண டைனமிக் மைக் போதும், அது வாய்க்கு அருகில் உள்ளதை மட்டும்தான் எடுக்கும் என்றான். நான் கண்டென்சர் மைக்கைச் சொன்னதும் சிரித்தான். "சுவத்துக்கு அந்தப் பக்கம் தறி ஓடுது. நீ கண்டென்சர் வாங்குனா தறியத்தான் பேட்டி எடுக்கணும்."

நான் கேட்கவில்லை. மூச்சைக்கூடப் பிடிக்கும் என்று எல்லோரும் புகழ்ந்த மைக் அது. கையில் பிடித்தால் கனமாக, நிஜமான ஸ்டுடியோவில் இருப்பது போலவே இருந்தது. நல்ல பொருள் எது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அதனால்தான் எல்லோரும் நல்லது என்று சொன்னதை எடுத்துக்கொண்டேனோ என்று இப்போது யோசிக்கிறேன்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. ரகசியம் பேச வேண்டுமென்றால் தறி ஓடும் நேரத்தில் பேசுவோம். ஞாயிற்றுக்கிழமை தறி நின்றால் பக்கத்து வீட்டு இருமல்கூடக் கேட்கும். பெண் பார்த்துவிட்டுப் போனது, கருக்கலைந்தது, சண்டை, சமாதானம் எல்லாமே அந்தச் சத்தத்துக்கு அடியில்தான். அதனால் நானும் அக்காவும் யோசிக்கவே இல்லை. அவருக்கு இரவு ஷிப்ட் இருந்த வாரம், ஒரு புதன்கிழமை மதியம் மூன்று மணிக்கு, பட்டறை முழு வேகத்தில் ஓடும்போது பதிவு செய்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் யார் நின்றாலும் ஒரு சொல் கேட்காது. அக்கா தைரியமாகப் பேசினார்.

பிறகு அவருடைய குரலை ஆண் குரல் போல மாற்றினேன். பெயரும் ஊரும் வந்த இடங்களை வெட்டினேன். மறுநாள் மதியம், அவர் ஆஸ்பத்திரியில் பொய் சொன்னதைச் சொல்லும் முப்பது விநாடித் துண்டு ஒன்றை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன்.

மாலையில் அக்கா வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டார். தன் குரல் எப்படி மாறியிருக்கிறது என்று சிரிப்பார் என நினைத்தேன். அவர் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக் கேட்டார்.

"சாமி, இது ஆறாம் தறி."

எனக்குப் புரியவில்லை. ஆறாம் தறி பத்துப் பன்னிரண்டு தடவை அடித்ததும் ஒரு தரம் தடுக்கி, இரட்டையாக அடிக்கும் என்றார். அவர்கள் பட்டறையில் மட்டும்தான் அப்படி ஒரு தறி. தெருவில் தறியோட்டும் யார் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். பட்டறை தெரிந்தால், காளிதாஸோடு ஆஸ்பத்திரிக்குப் போனது யார் என்பதும் தெரிந்துவிடும். நானும் கேட்டேன். மாற்றிய குரலுக்குப் பின்னால் அந்தத் தடுக்கல் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது.

உடனே அழித்தேன். மூன்று மணி நேரம் அது இருந்திருக்கிறது. அழிப்பதற்கு முன் பார்த்தவர்கள் பட்டியலைப் பார்த்தேன். நாற்பத்தொரு பேர். அதில் யுவஸ்ரீ இருந்தாள், நாச்சிமுத்துவின் மருமகள்.

"அழிச்சுப்போட்டா போயிருமா சாமி?"

போய்விடும் என்றேன். எனக்குத் தெரியாது.

ஆறு நாள் ஒன்றும் நடக்கவில்லை. முதலாளி தினமும் பட்டறைக்கு வந்து வழக்கம் போலத் துணியைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனாராம். அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. நான் வண்டிச் சத்தம் கேட்டாலே ஜன்னலுக்கு ஓடினேன். ஏழாம் நாள் முதலாளி அக்காவை ஆறாம் தறிப் பக்கமிருந்து மாற்றி, கடைசி வரிசைக்கு அனுப்பினார். அங்கே ஒரு ஆள் லீவு என்றார். ஒரு ஆள் லீவில் இருந்தது உண்மைதான். ஆனாலும் அக்கா அதை என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

அந்த மைக்கைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஜெரால்டிடமிருந்து பழைய டைனமிக் மைக்கை வாங்கி வந்தேன். ஜன்னலில் இரண்டு மெத்தைகளைச் சாய்த்தேன். தறி ஓடும்போதே சோதித்துப் பார்த்தேன். வாயை ஒட்டிப் பேசினால் என் குரல் மட்டும் வந்தது. தறி எங்கோ கிணற்றுக்குள் முனகுவது போல, எந்தத் தறி என்று சொல்ல முடியாதபடி.

அக்காவை அழைத்து வந்து உட்கார வைத்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "நான்..." என்று ஆரம்பித்தார். காதுக்குள் அவர் குரல் மட்டும் வந்திருக்க வேண்டும். நிறுத்தினார். திரும்பவும் "நான்" என்றார். பிறகு ஹெட்போனைக் காதிலிருந்து எடுத்தார்.

"தறிச் சத்தம் இருந்தப்போ பேச முடிஞ்சுது. இப்ப நான் மட்டும் தனியா நிக்கிறாப்பல இருக்குது."

இந்தத் தடவை பயப்பட வேண்டாம், ஒருத்தருக்கும் தெரியாது என்றேன்.

அக்கா என்னைக் கோபமில்லாமல் பார்த்தார். "மொதல்லயும் நீயி இதேதான் சொன்ன, சாமி."

ஷிப்டுக்கு நேரமாகிறது என்று எழுந்தார். ஹெட்போனின் ஒயரை நான் சுற்றுவது போலவே சுற்றி மேசைமேல் வைத்தார். பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் போன பிறகுதான் நிறுத்தினேன்.