விமானத்தில் ஒரேயொரு இடம்

இன்று பெட்ரோல் வரிசையில் நின்றபோது அந்த வாசம் மூக்கிலேற, கண்டக்குழிக் கடற்கரையில் விடுதிகள் முளைக்குமுன் வெறுமையாய்க் கிடந்த மணல்வெட்டைக்கு நினைவில் போய்விட்டேன். உம்மா கருவாடு காயப்போட்ட அந்த வெட்டையில்தான், என் சின்ன வயதில் ஒருநாள், சின்ன விமானமொன்று இறங்கியது, பெட்ரோல் மணத்த அதன் சூடான வயிற்றைத் தடவியபடியே நானும் விமானி ஆவேன் என்று முடிவெடுத்தேன்.

நாளைக்கு ஒரு பிள்ளையை ஏற்றிப் பறப்பதாக விமானி சொன்னார்.

“நீதான் மகள் போற,” என்றார் வாப்பா.

மறுநாள் பெருநாள் சட்டையோடு நின்ற என்னை விலக்கிவிட்டு, வாப்பா என் மூத்த சகோதரனான நானாவை ஏற்றிவிட்டார்.

“பொம்புளப் புள்ளைக்கு என்னத்துக்கு இது?” என்றார்.

விமானத்தின் இரைச்சல் கடலுக்கு மேலே தேய்ந்து, திரும்பி வரும்வரை அசையாமல் நின்றேன். இறங்கிய நானாவிடம், “மேல இருந்து நம்மட ஊடு தெரிஞ்சிச்சா?” என்று கேட்டேன்.

“பயத்துல நான் கண்ணத் தொறக்கவே இல்ல,” என்றான்.