விடாத குடியை விட்டேன் என்று சொன்னவன்

கர்த்தருடைய பிள்ளைகளே, நான் சபையில் எழுந்து நின்று பொய் சொல்லியிருக்கிறேன். அதுவும் சாட்சி நேரத்தில், மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

என் பெயர் மோசஸ். ஆஸ்டின் டவுனில் பிறந்து வளர்ந்தவன். தொம்மலூரில் கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் டெம்போ டிராவலர் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். டியூட்டி முடிந்தால் கூட்டாளிகள், குடி, கேரம், அரட்டை. அந்த வாழ்க்கை கசந்தது என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். எனக்குப் பிடித்திருந்தது. நாங்கள் குடிக்கும் அந்த மேசையில் நான்தான் ராஜா. வீட்டில் என் மனைவி ரெஜினாவும் மகள் ஜாய்சும் என் செருப்புச் சத்தம் கேட்டதும் டிவியை அணைத்துவிடுவார்கள். அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், மடையன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு சபையில் உபவாச ஜெபம் வைத்தார்கள். ரெஜினா அழுதாளே என்று போனேன். அங்கே உண்மையாகவே தொடப்பட்டேன். ஒன்பது நாள் ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை. எனக்கே நம்ப முடியவில்லை. பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், "யாராவது சாட்சி சொல்றீங்களா?" என்று பாஸ்டர் கேட்டதும் துள்ளி எழுந்தேன்.

"இருபது வருஷக் குடிய கர்த்தர் வேரோட பிடுங்கிட்டார். இனிமே அந்த ஆசையே எனக்கு இல்ல!"

சபையே கைதட்டி ஸ்தோத்திரம் சொன்னது. ரெஜினா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அன்று சாயங்காலமே நான் குடித்தேன்.

எங்கள் சபையில் நல்ல சாட்சி ஒன்று கிடைத்தால் சும்மா விடமாட்டார்கள். வீட்டு ஜெபக் கூட்டம் ஒவ்வொன்றிலும் என்னைச் சொல்லச் சொன்னார்கள். நானும் சொன்னேன். வீட்டுக்கு வீடு கொஞ்சம் மசாலாவும் சேர்த்தேன். முடிந்ததும் காப்பி, பிஸ்கட், "ஆண்டவர் பெரியவர் பிரதர்." அந்தப் பாராட்டும் ஒரு போதையாகத்தான் இருந்தது.

இதில் பெரிய கொடுமை என்ன தெரியுமா? எனக்காக ஜெபியுங்கள் என்று யாரிடமும் கேட்க முடியவில்லை. விடுதலை பெற்றேன் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் எந்த முகத்தோடு போய்க் கேட்பான்? நோயாளியே தனக்குச் சுகமாகிவிட்டது என்று சொல்லி ஆஸ்பத்திரிக் கதவைச் சாத்திக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. கூட்டாளிகளை விட்டு விலகித் தனியாகக் குடித்தேன். தொண்ணூறு மில்லி மதுப் பாக்கெட்டுகள் வண்டியின் டூல் பைக்குள் இருக்கும். வாயில் எப்போதும் ஏலக்காய். காலையில் ஒரு பாக்கெட் உள்ளே போனால்தான் கை நடுக்கம் நிற்கும் என்ற நிலைக்கு வந்துவிட்டேன்.

போன வருடம் கோடையில் சபைப் பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி நடந்தது. முடிந்த மறுநாள் பதினான்கு பிள்ளைகளை நந்தி மலைக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. "மோசஸ் பிரதர் இருக்கும்போது வெளி டிரைவர் எதுக்கு?" என்றார் பாஸ்டர். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காலை ஏழரை மணி. சபை வாசலில் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு ஏறினார்கள். ஜாய்ஸ் முன் இருக்கையில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள எங்களோடு வந்த ஞாயிறு வகுப்பு ஆசிரியை விமலா சிஸ்டர் தன் மகனை ஏற்றிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அவருடைய கணவர் குடித்தே செத்தவர். "உங்க சாட்சிய கேட்டதுல இருந்துதான் பிரதர் எனக்குக் கொஞ்சம் தெம்பு. இல்லன்னா இவன அவ்ளோ தூரம் கூட்டிட்டு வரவே மாட்டேன்" என்றார்.

என் வயிற்றில் அப்போதுதான் ஒரு பாக்கெட் இறங்கியிருந்தது.

பாஸ்டர் என் தலையில் கைவைத்துப் பயணத்துக்காக ஜெபித்தார். வாடை தெரியக் கூடாதென்று நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். எல்லோரும் ஆமென் சொன்னபோது எனக்குள் ஒரு ஜெபம் எழுந்தது. ஆண்டவரே, என்னை நிறுத்துங்கள், என்னால் நிறுத்த முடியவில்லை. அவ்வளவுதான். வண்டி கிளம்பாமல் போனால் போதும் என்று நினைத்தேன். மற்ற நாளெல்லாம் இரண்டு தடவை இருமும் அந்தப் பாழாய்ப்போன வண்டி அன்றைக்கு ஒரே திருகில் கிளம்பிவிட்டது!

ஹெப்பால் மேம்பாலம் ஏறும்போது உள்ளங்கை வியர்த்து ஸ்டீயரிங் வழுக்கியது. மலைப்பாதையின் வளைவுகளையே நினைத்துக்கொண்டிருந்தேன். முன்னால் போன பஸ் வேகம் குறைத்தது கண்ணுக்குத் தெரிந்தது, கால் மட்டும் நகரவில்லை. ஒரு வழியாக பிரேக்கை மிதித்தேன். பிள்ளைகள் முன்னால் சரிந்து விழுந்தார்கள். பஸ்ஸின் முதுகு கண்ணாடி முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது. இடையில் ஒரு சாண்கூட இல்லை.

"ஸ்தோத்திரம்!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். "பாத்தீங்களா, ஜெபம் பண்ணிட்டுக் கிளம்பினதால தப்பிச்சோம்" என்றார் விமலா சிஸ்டர்.

அந்த நேரத்தில் என் மனதில் என்ன ஓடியது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு ஒரு புதுச் சாட்சி கிடைத்தது என்று தோன்றியது. என்னை நினைத்து எனக்கே பயம் வந்தது. பாலம் இறங்கியதும் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினேன். பேச வேண்டும் என்று நான் முடிவு செய்யவே இல்லை. வாய் தானாகத் திறந்தது.

"சிஸ்டர், நான் குடிச்சிருக்கேன். காலையிலயே. நான் குடிய விடவே இல்ல. சொன்னதெல்லாம் பொய்."

"சாவியக் குடுங்க" என்றார். வாங்கிக்கொண்டு பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கைபிடித்து இறக்கி நிழலில் நிறுத்தினார். பிறகு பாஸ்டருக்குப் போன் செய்து வேறு டிரைவரை வரச் சொன்னார். ஜாய்ஸ் மட்டும் இறங்கவில்லை.

"எனக்குத் தெரியும்ப்பா" என்றாள். "நீங்க சாட்சி சொல்றப்பல்லாம் நான் தலைய குனிஞ்சுக்குவேன். ஆண்டவர் என்னையும் சேர்த்துக் கோவிச்சுக்குவாரோன்னு."

இருபது வருடக் குடி உடைக்காத என்னை அந்த ஒரு வார்த்தை உடைத்தது. ஸ்டீயரிங்கில் தலையை வைத்து ஓவென்று அழுதேன். என் பொய்யை என் பிள்ளையும் சேர்ந்து சுமந்திருக்கிறாள்.

என் முதலாளியிடம் நானே போய் நடந்ததைச் சொன்னேன். வேலை போனது, அது நியாயம்தான். பாஸ்டர் என்னை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கே உள்நோயாளியாகச் சேர்த்துக்கொண்டார்கள். முதல் நாட்கள் நரகம். ரெஜினா பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டே ஜெபித்தாள். திரும்பி வந்த ஞாயிறு சபையில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒருவரும் கைதட்டவில்லை. உட்கார்ந்தபோது எனக்குக் கிடைத்த சமாதானம் அந்தக் குடி மேசையில் ஒருநாளும் கிடைக்காதது.

கூட்டாளிகள் இன்னும் கூப்பிடுகிறார்கள். "ஸ்வல்ப தானே மச்சி, கொஞ்சம்தான், வா" என்கிறார்கள். ஆசை வருகிறது, மறைக்க மாட்டேன். உடனே பாஸ்டருக்கோ ரெஜினாவுக்கோ போன் செய்து "ஆசை வருது, ஜெபம் பண்ணுங்க" என்று சொல்லிவிடுகிறேன். இப்போது ஒரு கிடங்கில் பெட்டி தூக்குகிறேன். பரிசுத்தம் என்றால் மேலே ஏறி நின்று காட்டுவது என்று நினைத்திருந்தேன். ஒளிக்காமல் நடப்பதுதான் என்று இப்போது தெரிகிறது. விமலா சிஸ்டர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அவர் பேச வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை.

இதை வாசிக்கும் சகோதரனே, சகோதரியே, விட்டுவிட்டதாகச் சொல்லிவிட்டு விட முடியாமல் தவிக்கிறாயா? உன் வண்டியையும் ஓரங்கட்டு. வாயைத் திற, மற்றதை ஆண்டவர் பார்த்துக்கொள்வார். அவரை நம்பு. நேற்று நான் குடிக்கவில்லை, இன்று குடிக்கவில்லை. நாளையைப் பற்றி நான் சாட்சி சொல்ல மாட்டேன். எனக்காக ஜெபியுங்கள்.