மூன்று முறை நகர்ந்த பட்டன்

என் அக்கா ஆண்களுக்குச் சட்டை தைக்கிறவள். கடைக்குள் யார் நுழைந்தாலும் முகத்தைப் பார்க்கும் முன் கழுத்தைப் பார்ப்பாள். டேப்பைத் தொடாமலே பதினைந்தரை, பதினாறு என்று சொல்லிவிடுவாள். அளந்து பார்த்தால் நூல் பிசகாது. பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் துளைக்குக் காஜா எடுக்கும் எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல்கூட உண்டு.

வீட்டிலும் அவள் வைத்ததுதான் சட்டம். நான்கு வருஷத்துக்கு முன் அத்தானுக்கு லேசாக பிரஷர் என்றார்கள். அன்றைக்கே பாக்கெட் உப்பைக் குப்பையில் கொட்டினாள். கடை கடையாக ஏறி இறங்கி, பாறையில் வெட்டியெடுத்த இளஞ்சிவப்பு உப்பை வாங்கி வந்தாள். இயற்கையானது, தாதுச் சத்து நிறைந்தது என்று அட்டையில் இருந்ததை எங்களை உட்கார வைத்து வாசித்தாள். அது கண்ணாடிக் கிண்ணத்தில் சாப்பாட்டு மேசையின் நடுவே மகாராணி மாதிரி உட்கார்ந்துகொண்டது.

அத்தான் ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தார்.

"பழைய உப்பே இருக்கட்டுமே."

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. பேசாம சாப்பிடுங்க."

மனுஷன் பேசாமல் சாப்பிட்டார்.

இரண்டு வருஷம் போனது. காலர் இறுக்குகிறது என்றார். அக்கா பட்டனைக் கொஞ்சம் தள்ளித் தைத்தாள்.

"உக்காந்து உக்காந்து தின்னா கழுத்து பெருக்காம என்ன பண்ணும்?" என்றாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

மறுபடி இறுக்கியது, மறுபடி நகர்த்தினாள். மூன்றாவது முறையும் அப்படியே. அவருடைய பேன்ட்டையும் அவள்தான் தைக்கிறாள். இடுப்பு அதே முப்பத்திரண்டு. ஊரார் உடம்பையெல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பவளுக்கு அது மட்டும் உறைக்கவில்லை.

விழுங்கச் சிரமமாக இருக்கிறது என்று அவர் சொன்ன பிறகுதான் மூவரும் டாக்டரிடம் போனோம். டாக்டர் அத்தானின் தொண்டையை அழுத்திப் பார்த்தார்.

"தைராய்டு வீங்கியிருக்கு. வீட்ல என்ன உப்பு?"

"இயற்கை உப்பு டாக்டர். எதுவுமே சேர்க்காதது," என்று அக்கா பெருமையாகச் சொன்னாள்.

"அயோடினும் சேர்க்காததுதாம்மா அது. உப்பு மட்டும்தான் காரணம்னு சொல்ல மாட்டேன். மீன், பால் ஏதாவது சாப்பிடுவாரா?"

"ரெண்டும் அவருக்கு ஆகாது."

"அப்ப அயோடின் எங்கேருந்து வரும்? எப்பலேருந்து வீங்குது?"

"ஆறு மாசம் இருக்கும்," என்றார் அத்தான்.

அக்கா தலை குனிந்தாள். "இல்ல டாக்டர். ரெண்டு வருஷம். நான்தான் அளவெடுத்தேன்."

வழியில் அத்தான் ஒரு வார்த்தை கடிந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவரோ வீட்டுக்கு வந்ததும், "டீ போடவா?" என்றார்.

இப்போது அந்தக் கிண்ணத்தில் அயோடின் உப்பு. அத்தானுக்கு மாத்திரை நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அக்கா டேப்போடு அவர் கழுத்தின் முன் நிற்கிறாள். போன வாரம் கால் அங்குலம் குறைந்திருந்தது. அவர் சந்தோஷமாகப் பழைய சட்டையை நீட்டினார்.

"பட்டனை ஒரு படி திருப்பி வச்சுடேன்."

அக்கா அதைக் கடைக்கு எடுத்து வந்து வெளிச்சத்தில் பிடித்தாள். பட்டனை ஒட்டி, அவள் பிரித்த தையல்களின் ஊசித்துளைகள் வரிசையாக இருந்தன.

"ஒரு தடவையாவது இடுப்பைப் பாத்திருக்கலாம்டி," என்று சட்டையை என் மடியில் வைத்தாள். "நீயே தை. என்னால முடியல."

அன்றைக்குச் சிரித்தவள்தானே நானும். ஊசி கோர்க்க எனக்கும் வெகுநேரம் ஆனது.