கப்பிகளுக்குக் கிடைத்த விடுதலை

வைட்ஃபீல்டில் எங்கள் அடுக்ககத்துக்குப் பின்னாலுள்ள ஏரி பச்சையாகும்போதெல்லாம் வாட்ஸாப் குழுவில் குற்றவாளியைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். நான் வாயைத் திறப்பதில்லை. எங்கள் குடும்பத்துக்கு இதில் முன் அனுபவம் உண்டு.

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் பெங்களூர் அடுகோடியில் குடியிருந்தோம். சித்தப்பா லேத் பட்டறையில் வேலை பார்த்தார். மற்ற நேரமெல்லாம் மொட்டைமாடியில் மீன் வளர்த்தார். ஃபைட்டர் மீன் குஞ்சு பொரிப்பதுதான் அவர் லட்சியம். பொரிக்கும், பிறகு செத்துப்போகும். இப்படிப் பலமுறை ஆனபின் அப்பா சொல்லிவிட்டார்: "இந்தத் தடவையும் செத்துச்சுன்னா தொட்டியெல்லாம் கீழ இறங்கிடணும். மாடி மிளகாய் காயப்போட."

குஞ்சுகள் தூள் தீனியைத் தொடாது. உயிருள்ள தண்ணீர்ப்பூச்சிதான் வேண்டும். மணல் அளவு இருக்கும், துள்ளித் துள்ளி நீந்தும். அங்கிருந்த ஏரியின் மதகை ஒட்டி ஒரு குட்டை இருந்தது. அம்மாவின் பழைய மெல்லிய நூல்புடவையைக் கம்பி வளையத்தில் தைத்து அதில் வீசினால், வலையில் சிவப்பாகக் கூழ்போல அப்பிக்கொண்டு வரும். வாளி பிடிப்பது நான். பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்கு இவ்வளவு பெரிய பொறுப்பைக் கொடுத்ததில்லை.

இடையில், அவர் கூடவே வளர்த்த கப்பி மீன்கள் பெருகித் தொட்டி வழிந்தது. யாரும் வாங்கவில்லை. சாக்கடையில் ஊற்றிவிடலாம் என்றேன். அம்மா பதறிப்போனாள். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா, உசுருடி அது!" ஆகவே தலைக்குக் குளித்து, சூடம் காட்டி, கப்பிகளை அந்தக் குட்டையிலேயே விட்டோம். சித்தப்பா கைகூப்பினார். நான் டாட்டா காட்டினேன்.

மழைக்கு முன்னால் ஃபைட்டர் பொரித்தது. சித்தப்பா வலையோடு ஓடினார். வீசினார், வெறும் தண்ணீர். மறுபடி வீசினார்; பாசி. கண்ணாடிபோல இருந்த குட்டை பச்சைப் பெயிண்ட் கரைத்ததுபோல் ஆகியிருந்தது.

கரையில் துவைத்துக்கொண்டிருந்தவரிடம் சண்டைக்குப் போனார். "உங்க சோப்புத்தண்ணியாலதான் பூச்சியெல்லாம் செத்துப்போச்சு!"

அவர் வேட்டியை முறுக்கிப் பிழிந்தபடி சிரித்தார். "பூச்சி இல்லைன்னு அழற மொத ஆளு நீங்கதான் சாமி. ஹோகி, ஹோகி" என்று கன்னடத்தில் போகச் சொன்னார்.

சித்தப்பா அதோடு விடவில்லை. பட்டறைகளின் எண்ணெய், மேகம், எதிர்வீட்டார் கண் என்று சந்தேகப் பட்டியல் நீண்டது. அத்தனை பேரும் நிரபராதிகள். சின்ன மீன் பூச்சியைத் தின்னும், பூச்சி பாசியைத் தின்னும், பூச்சி ஒழிந்தால் பாசிக்குக் கொண்டாட்டம் என்பதை நான் படித்தது தலை நரைக்கத் தொடங்கியபின்.

குஞ்சுகள் கண்ணெதிரே மெலிந்து, ஒவ்வொன்றாக அடியில் படுத்தன. அப்பா தொட்டிகளை இறக்கினார். மாடியில் மிளகாய் காய்ந்தது. நான் அழுது ஓயாததால் சித்தப்பா என்னைக் குட்டைக்கே நடத்திக் கூட்டிப்போனார்.

தண்ணீரோரம் கூட்டம் கூட்டமாய்க் கப்பிகள். வயிறெல்லாம் உருண்டு, தொட்டியில் இருந்ததைவிட இரண்டு மடங்கு தடித்திருந்தன.

"சித்தப்பா, நம்ம மீனு!"

"அடேயப்பா!" அவர் முகம் பல நாளுக்குப்பின் மலர்ந்தது. "இதுங்களாவது நல்லாருக்கே. எல்லாம் நம்ம புண்ணியம்."

எனக்கும் மனசு ஆறிவிட்டது. பூச்சியே இல்லாத இந்தக் குட்டையில் அவை எதைத் தின்று இப்படிக் கொழுத்தன என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. சித்தப்பாவுக்கும்தான்.