கழிக்கரை வழியும் என் வயிற்றெரிச்சலும்

சிதம்பரத்தில் மலை கிடையாது. கடலூர்ப் பக்கம் போனால் கேப்பர் மலை என்று ஒன்றைச் சொல்வார்கள், அதையும் டவுன் பஸ் மூச்சு வாங்காமல் ஏறிவிடும். இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு என் வீட்டுக்காரர் அறுபத்தொரு வயதில் மலைச் சைக்கிள் வாங்கினார். தடித்த டயர், பின்னால் ஏழு பல்சக்கரம், முன்னால் மூன்று. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் அவர். அந்தப் பல்சக்கரங்களை எனக்கு விளக்குவதற்கே ஒரு முழு சாயங்காலத்தை எடுத்துக்கொண்டார்.

அவருக்கு சர்க்கரை. டாக்டர் நடக்கச் சொன்னார், நடப்பது இவருக்குச் சலிப்பாக இருந்தது. மேல வீதியில் செல்போன் கடை வைத்திருக்கும் என் தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழெட்டுப் பேரோடு சைக்கிளில் போய்வருவான். "மாமா, எங்களோட வாங்க, சுகர்லாம் தானா எறங்கிடும்" என்று கூட்டிக்கொண்டு போனவன் அவன்தான்.

முதல் ஒரு மாதம் மெயின் ரோட்டிலேயே போனார்கள். லாரிக்காரன் ஹாரன் அடித்து ஓரம் கட்டுகிறான் என்று வந்து புலம்புவார். ஒரு நாள் நான் காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் வழி வரைந்து கொடுத்தேன். கிள்ளைக்கு முன்னால் மண் சாலையில் திரும்ப வேண்டும். வாய்க்கால் கரையைப் பிடித்து, சவுக்குத் தோப்பைத் தாண்டி, இறால் குட்டைகளுக்கு நடுவில் புகுந்தால் பிச்சாவரம் போகும் தார்ச்சாலையில் ஏறிவிடலாம். வண்டி தொந்தரவே இருக்காது.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், அது நான் பிழைத்த பிழைப்பு. முப்பது வருஷத்துக்கு மேல் அந்தப் பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருந்தேன். அதில் பாதிக் காலம் சைக்கிள்தான். கேரியரில் தடுப்பூசிப் பெட்டி, ஹேண்டில்பாரில் குழந்தைகளை எடை பார்க்கும் தராசு. எந்தக் கரையில் மண் இறுகியிருக்கும், எந்த இடத்தில் இறங்கித் தள்ள வேண்டும், எந்த வீட்டு நாய் எதுவரைக்கும் துரத்தும், எல்லாம் தெரியும். அந்த மிதியில்தான் முழங்கால் இரண்டும் தேய்ந்தன என்று டாக்டர் சொல்கிறார். இன்றைக்கு நான் மாடி ஏற வேண்டுமென்றால் கைப்பிடிச் சுவரைப் பிடிக்க வேண்டும். சைக்கிளில் காலைத் தூக்கிப் போடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் முகத்தில் வெயிலும் சந்தோஷமும் பூசிக்கொண்டு வந்தார். கொக்கு பார்த்தாராம், நாரை பார்த்தாராம், குட்டையில் தண்ணீர் அடிக்கும் சக்கரம் பார்த்தாராம். நான் ஆயிரம் தடவை பார்த்ததையெல்லாம் எனக்கே சொன்னார். அவர் குளிக்கப் போன நேரத்தில் செல்போனை எடுத்து அவர்கள் குரூப்பைப் பார்த்தேன். சைக்கிளில் போன வழி ஒரு சிவப்புக் கோடாக வரைபடத்தில் விழுந்திருந்தது, அதன் மேல் அவர் பெயர். கீழே வரிசையாக, "சார் செம ரூட்", "சார் கலக்கிட்டீங்க". இவர் எல்லாவற்றுக்கும் கும்பிடு போட்டிருந்தார். என் மனைவி சொன்ன வழி என்று ஒரு வார்த்தை இருக்கிறதா என்று மேலேயும் கீழேயும் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். இல்லை. எனக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

ஆனாலும் அவர் கேட்கக் கேட்க வழி சொல்லிக்கொண்டேதான் இருந்தேன். கேட்கிறாரே என்ற ஆசைதான். சனிக்கிழமை தோறும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நாளைக்கி எந்தப் பக்கம் போவட்டும்?" என்பார். என் கால் போகாத இடத்துக்கு என் வாய் போய்வந்தது.

இந்த நேரத்தில்தான் குரூப்பில் ஒரு அம்மாள் சேர்ந்தார். ஏதோ ஒரு பேங்குக்கு மேனேஜராக மாற்றலாகி வந்தவர், கோயம்புத்தூர்க்காரர், நாற்பதுக்குள் வயது. தலையில் ஹெல்மெட், கையில் உறை, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. போட்டோக்களில் என் வீட்டுக்காரருக்குப் பக்கத்திலேயே நின்றார். இவரைப் பற்றி எனக்குச் சந்தேகம் கிடையாது, அந்த மாதிரி ஆசாமி இல்லை. என் எரிச்சல் வேறு. ஒரு போட்டோவில் இவர் கையை நீட்டி எதையோ காட்டிக்கொண்டிருக்கிறார், அந்த அம்மாள் பார்த்துக்கொண்டிருக்கிறார். எந்த இடம் என்று எனக்குத் தெரியும். மதகுக்குப் பக்கத்தில் நின்றால் உப்பங்கழிக்கு அந்தாண்டை சுரபுன்னைக் காடு தொடங்குவது தெரியும். மத்தியானச் சோற்றுக்கு நான் சைக்கிளை நிறுத்தும் இடம் அது. என் இடத்தை என் புருஷன் இன்னொருத்திக்குக் காட்டுகிறார், காட்டுகிறவர் கண்டுபிடித்தவர் மாதிரி நிற்கிறார். அந்த அம்மாளின் முழங்கால்களைப் பார்த்தேன். இரண்டும் நேராக, வலுவாக இருந்தன. அன்றைக்குக் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டேன்.

கார்த்திகை மாத அமாவாசை ஒரு சனிக்கிழமையில் வந்தது. காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு அவருக்கு இலை போட்டேன். வாழைக்காய் வறுவலைக் கடித்துக்கொண்டே கேட்டார்.

"நாளைக்கி மதகு தாண்டி அந்தக் கழிக்கரை மேலயே போயி, அதே வழியா திரும்பலாமுன்னு இருக்கோம். மேடம் அந்தப் பக்கம் போவணும்னு ஆசப்படறாங்க. போலாமா?"

அமாவாசையை ஒட்டிய நாட்களில் கடல் தண்ணீர் கழிக்குள் ஜாஸ்தியாக ஏறும். மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். காலை எட்டு எட்டரைக்கு மதகுக்கு அப்பால் கரையின் தாழ்ந்த பகுதி முழுகிவிடும். ஆறு மணிக்குப் போகிறவனுக்கு ஒன்றும் தெரியாது, காய்ந்த கரையில் ஜோராகப் போவான். திரும்பும்போதுதான் தெரியும். இதை அறியாமல் அந்தப் பக்கம் ஒரு நர்ஸ் வேலை பார்க்க முடியாது. இது அவருக்குத் தெரியாது என்பதும் எனக்குத் தெரியும். அமாவாசைச் சோறு அவர் இலையில் இருந்தது, அமாவாசை என்பதை மறந்துவிட்டேன் என்று சொல்லவும் எனக்கு வழியில்லை.

"போங்களேன்" என்றேன். ரசம் ஊற்றினேன்.

காலையில் அவர்கள் போனபிறகு நான் சந்தோஷமாக இருந்தேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. அந்த அம்மாளின் வெள்ளை ஷூ சேற்றில் புதைவதையும், கையுறையோடு சைக்கிளைத் தலைமேல் தூக்குவதையும் நினைத்து நினைத்துக் காபி குடித்தேன். நான் நினைத்ததெல்லாம் சேறுதான். சேற்றைத் தாண்டி என் புத்தி போகவில்லை.

எட்டே முக்காலுக்கு தம்பி கூப்பிட்டான். "அக்கா, தண்ணி ஏறிடுச்சிக்கா. நடுவுல மாட்டிக்கினோம். ஆழம் பாக்கறேன்னு மாமா ஷூவக் கழட்டி கழுத்துல மாட்டிக்கினு எறங்குனாரு. மதகுக் கல்லுல கால கிழிச்சிடுச்சி. ரத்தம் நிக்க மாட்டுது."

மதகுக் கல்லில் ஆளிச் சிப்பி ஒட்டியிருக்கும். பிளேடு மாதிரி கீறும். சர்க்கரைக்காரர் கால், உப்பங்கழிச் சேறு. அந்தக் கிராமங்களில் இப்படிப்பட்ட காயத்தில் தொடங்கி விரலை இழந்தவர்களுக்கு நானே கட்டுப் போட்டிருக்கிறேன். ஒருவருக்கு முழங்காலுக்குக் கீழே எதுவும் மிச்சமில்லை. அந்த மனிதரின் முகம் நினைவுக்கு வந்தது. மருந்துப் பையை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியைக் கிளப்பினேன்.

இறால் குட்டைக் காவல்காரர் ஒரு மூங்கில் கழி கொடுத்தார். கரை கண்ணுக்குத் தெரியவில்லை, நுனிப்புல் மட்டும் தெரிந்தது. எதிரே கொஞ்சம் மேடான இடத்தில் அவர்கள் சைக்கிள்களோடு நின்றார்கள். தண்ணீர் தானாக வடிய மத்தியானம் ஆகும். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குட்டைப் பக்கமாகவே காலை வைத்துப் போனேன். அந்தப் பக்கம்தான் மண் கெட்டி. முழங்கால் வலி உச்சந்தலை வரை ஏறியது. அது வலிக்கட்டும் என்றிருந்தது எனக்கு.

அவர் பாதத்தில் கட்டு போடப்பட்டிருந்தது. அந்த பேங்க் அம்மாள் தன் கழுத்துத் துணியைக் கிழித்து இறுக்கிக் கட்டியிருந்தார். அவருடைய ஷூ முழுக்கச் சேறு. நான் கட்டைப் பிரித்துக் கழுவும்போது தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீங்க வந்ததுக்கப்பறந்தானுங்க எங்களுக்கு உசுரே வந்துச்சு" என்றார். "சார் எப்பவும் சொல்லுவாருங்க. இந்த ரூட் எல்லாம் வீட்டம்மா கால் தேஞ்சு கண்டுபிடிச்சது, அவங்க போலாம்னு சொல்லிட்டா கண்ண மூடிட்டுப் போலாம்னு. நேத்து சாயங்காலம்கூட, அவங்களக் கேட்டுட்டேன், போலாம்னு சொல்லிட்டாங்கன்னு போன் பண்ணினாருங்க. அதனால நாங்க யாருமே யோசிக்கலீங்க."

இந்த வார்த்தைக்காகத்தான் மாதக்கணக்காக நான் அந்தச் செல்போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன். நிமிர முடியவில்லை.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் முன்னால் எதுவும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் தையல் போட்டு, ஊசி போட்டு, வீட்டுக்கு வந்து கட்டிலில் காலை நீட்டியபிறகுதான் கேட்டார்.

"தண்ணி ஏறும்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"செரி" என்றார். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

காயம் ஆற இரண்டு மாதம் பிடித்தது. தினமும் நான்தான் கட்டு மாற்றினேன், மறுப்புச் சொல்லாமல் காலை நீட்டுவார். ஆறியபின் மறுபடி போகத் தொடங்கினார். சனிக்கிழமைகளில் நான் கையில் வேலை இல்லாமல் கூடத்தில் உட்கார்ந்திருப்பேன். அவர் டயருக்குக் காற்றடித்துவிட்டுத் தூங்கப் போய்விடுவார். போன வாரம் நானே வாயை விட்டேன், பௌர்ணமி வருகிறது, கரைப்பக்கம் வேண்டாம் என்று. "தெரியும். கிள்ளை டீக்கடைல கேட்டுட்டேன்" என்றார்.

அந்த டீக்கடைக்காரரை நான் பார்த்ததுகூடக் கிடையாது. இப்போது எனக்கு அவர்மேல்தான் பொறாமை.